ஏட்டில் உள்ளதும் இல்லாததும்

நுழையும்முன்

நாம் எழுதும் கட்டுரையில் ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, அதில் உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்பதைப் படிப்பவர்க்குப் பிரித்துக் காட்டுவது ஆய்வெழுத்தின் முதற்கடமையாகும். தமிழில் இக்கடமையை வாழ்நாள் முழுவதும் நிறைவேற்றியவர்களுள் ஒருவர் உ.வே.சாமிநாதையர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்று அவரை நாம் அறிவோம். தேடிக் கண்டதை அவர் எவ்வாறு எழுதினார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாட்டுலகில் வளர்ந்தவர்

தஞ்சைப் பகுதியில் பாபநாசத்திற்கு அருகில் உள்ளது உத்தமதானபுரம். அவ்வூரைச் சேர்ந்த இசைவல்லார் வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் மகனாக 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர் உ.வே.சா. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் ஊர்தோறும் சென்று இராமகாதையை இசையோடு சொல்லி, அதனால் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். மகன் இசையையே கற்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகனுடைய நெஞ்சமோ தமிழ்ப் பாட்டைவிட்டு அகலவில்லை. தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பம் குடிபெயர்ந்தது. அரியிலூர்ச் சடகோப ஐயங்கார் முதலிய ஆசிரியர்களிடம் அவர் கிடைத்த நூல்களையெல்லாம் பாடங்கேட்டார்.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். சாமிநாதன் என்ற பெயர் அங்குத்தான் நிலைபெற்றது. பிள்ளை, தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் அந்தாதிகளையும் எண்ணற்று இயற்றியவர். அவர் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவது வழக்கம். சொல்பவரின் வேகத்திற்குக் கை ஈடுகொடுக்க வேண்டும்; கேட்ட சொல்லை மாற்றாமல் எழுதவேண்டும்; தன் சொல்லொன்றும் இடையே புகுந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்றவர்க்கு இளமையில் வாய்த்த முதற்பயிற்சி இதுவே எனலாம்.

1876ஆம் ஆண்டில் பிள்ளை மறைந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் உ.வே.சா. தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார். பிள்ளையின் மாணவரும் கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியருமான தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவருடைய பரிந்துரையால் 1880ஆம் ஆண்டில் அவ்விடத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நூற்றுக்கணக்கான சிற்றிலக்கியங்கள் மனத்தில் இருந்தன. நினைத்தவுடன் செய்யுள் இயற்றும் ஆற்றல் இருந்தது. தாம் கற்கவேண்டியவற்றைப் பெரும்பாலும் கற்றுவிட்டதாக அவர் கருதியிருந்தாலும் அது வியப்பன்று.

ஒரு வினா

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். முதலியார், அவர் யாரிடம் கற்றார், எவற்றைக் கற்றார் என்று வினவினார். உ.வே.சா. தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார். பட்டியல் நீண்டதேயன்றி முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாக விளங்கும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று சில பெயர்களையும் குறிப்பிட்டார். அந்நூல்களை உ.வே.சா. கற்றதில்லை.

தமக்குத் தெரியாது என்பதை அவர் அன்று மறைக்கவில்லை. புத்தகம் கிடைத்தால் படிக்க முடியும் என்ற துணிவோடு திரும்பினார். முதலியார், தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைப் பின்னர் அவரிடம் கொடுத்து, அதைத் தமக்குப் பாடஞ்சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். பிரதியைப் பிரித்துப் படித்தபோதுதான் தாம் கற்ற தமிழுக்கு அப்பால் வேறொரு தமிழுலகம் இருப்பதை உ.வே.சா. உணர்ந்தார். சொற்கள் தெரிந்தவை போல் இருந்தன, பொருள் பிடிபடவில்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர், நூற்பெயரைச் சொல்லாமலே பல மேற்கோள்களை எடுத்துக்காட்டியிருந்தார். அவை எந்த நூல்களில் உள்ளவை என்று சொல்லவல்லார் எளிதில் கிடைக்கவில்லை. அந்த நூல்களைத் தேடத் தொடங்கியவர்க்கு எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் ஏட்டு வடிவில் வெளிப்பட்டன. ஒரு மேற்கோளின் இருப்பிடத்தைக் கண்டறிய வேண்டும் என்ற முயற்சியே சங்க இலக்கியம் அச்சேறுவதற்குரிய வழிகளுள் ஒன்றாயிற்று.

ஏடு என்னும் புதிர்

இன்று நாம் படிக்கும் அச்சுப் புத்தகத்தைப் போன்றதன்று ஓலைச்சுவடி. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுளும் உரையும் தனித்தனியே பிரிக்கப்படாமல் தொடர்ந்து செல்லும். அடியின் முடிவு எது, அடுத்த அடியின் தொடக்கம் எது என்பதைப் படிப்பவரே யாப்பறிவால் உணரவேண்டும். இவற்றோடு பூச்சியின் துளைகளும் முறிந்த ஓரங்களும் முன்பின்னாக மாறிய ஏடுகளும் சேர்ந்துகொள்ளும். எழுதியவர் கண் தவறி ஓர் அடியை விட்டிருப்பார். பொருள் விளங்காத சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றியிருப்பார்.

ஆகவே ஒரு சுவடியை மட்டும் நம்பி ஒரு நூலை அச்சிட இயலாது. பல ஊர்களிலிருந்து பல பிரதிகளைத் திரட்டி, ஒவ்வோர் அடியையும் ஒப்புநோக்க வேண்டும். ஒரு பிரதியில் ஒரு பாடமும் மற்றொன்றில் வேறொரு பாடமும் இருந்தால், பொருளுக்கும் யாப்புக்கும் உரைக்கும் பொருந்துவது எது எனத் தேர வேண்டும். உ.வே.சா. இவ்வாறு ஏழாண்டுகள் உழைத்து 1887ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையோடு சீவகசிந்தாமணியை வெளியிட்டார். அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டு உதவியோரை நாடியும் கடன்பட்டுமே அதனை நிறைவேற்றினார். அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

பதிப்பின் உறுப்புகள்

உ.வே.சா. பதிப்பித்த நூல் ஒன்றைக் கையிலெடுத்தால் மூலமும் உரையும் மட்டும் அதில் இருப்பதில்லை. முன்னே முகவுரை அமைந்திருக்கும். நூலாசிரியர் வரலாறும் உரையாசிரியர் வரலாறும் இடம்பெற்றிருக்கும். பக்கத்தின் அடியில் பிரதிபேதங்களும் ஒப்புமைப் பகுதிகளும் காட்டப்பட்டிருக்கும். பின்னே அரும்பத அகராதி, பெயர்களை விளக்கும் அபிதான விளக்கம், மேற்கோள் அகராதி போன்றவை அணிவகுத்து நிற்கும். ஒவ்வொரு நூலின் இயல்புக்கேற்ப இவ்வுறுப்புகள் கூடியும் குறைந்தும் அமையும்.

இவற்றை ஆடம்பரம் என்று எண்ணுதல் கூடாது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பணி உண்டு. முகவுரை, இந்நூல் எந்தெந்தப் பிரதிகளைக் கொண்டு ஆராயப்பட்டது, அவை யாரிடமிருந்து கிடைத்தன, எந்நிலையில் இருந்தன என்பவற்றைச் சொல்லும். படிப்பவர், பதிப்பாசிரியரின் உழைப்பு எந்தச் சான்றுகளின்மேல் நிற்கிறது என்பதை இதனால் அறிவார். பிரதிபேதம், பதிப்பாசிரியர் தேர்ந்த பாடத்தோடு அவர் தேராத பாடத்தையும் கண்முன் வைக்கும். அவருடைய தேர்வு தவறு என்று கருதுபவர், வேறு பாடத்தைக் கொண்டு பொருள்கொள்ள அது வழிதிறக்கும். அகராதிகள், நூல் முழுவதையும் படிக்க நேரமில்லாதவரும் ஒரு சொல்லையோ பெயரையோ தேடி அடைய உதவும்.

இதன் உட்பொருளை நாம் உணரவேண்டும். பதிப்பாசிரியர் தம் முடிவை மட்டும் சொல்லியிருந்தால், படிப்பவர் அவரை நம்ப வேண்டும். அல்லது மறுக்க வேண்டும். முடிவுக்கு வந்த வழியையும் சொல்லும்போது, படிப்பவர் அவ்வழியில் தாமும் நடந்து சோதிக்க இயலும். தம்மைச் சோதிப்பதற்குரிய கருவியைப் படிப்பவர் கையில் தாமே கொடுத்தவர் உ.வே.சா. ஆய்வெழுத்துக்குரிய அமைப்பு முறையின் நோக்கம் இதுவே.

முகவுரைகளில் அவர் தமக்கு உதவியோரின் பெயர்களை ஒன்றுவிடாமல் குறித்தார். ஆதீனத் தலைவர்கள், ஏட்டுச் சுவடிகளைப் பாதுகாத்து வந்த குடும்பத்தினர், பொருளுதவி செய்த செல்வர்கள், உடனிருந்து ஒப்புநோக்கிய மாணவர்கள் எனப் பலருக்கும் அங்கு இடமுண்டு. பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதாகச் சொல்லுதல் நன்றியறிதல் மட்டுமன்று. எது யாருடையது என்று வரையறுக்கும் நேர்மையும் ஆகும்.

விடுபட்ட இடங்கள்

பழைய நூல்கள் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இல்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. பரிபாடலின் எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. பெருங்கதைக்குத் தொடக்கமும் இல்லை; முடிவும் இல்லை. சிலப்பதிகாரத்திற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை எல்லாக் காதைகளுக்கும் கிடைத்திலது.

இங்கே ஒரு செய்தியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். உ.வே.சா. செய்யுள் இயற்றுவதில் வல்லவர். ஆயிரக்கணக்கான பாடல்களை விரைந்து பாடிய ஆசிரியரிடம் பயின்றவர். சங்க நூல்களில் நாளும் தோய்ந்து அவற்றின் சொல்லாட்சியையும் யாப்பமைதியையும் உள்ளங்கை நெல்லியாக உணர்ந்தவர். சிதைந்த அடியில் இரண்டு சீர்களைப் பொருத்தமாக இட்டு நிரப்புவது அவருக்கு அரிய செயலன்று. நிரப்பியிருந்தால் பாட்டு முழுமையாகத் தோன்றியிருக்கும். படிப்பவர்க்கு இடையூறு நீங்கியிருக்கும். அப்பாடல் எழுதப்பெற்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டமையால், உண்மையைக் கண்டு சொல்வாரும் அரியர்.

அவர் அதைச் செய்யவில்லை. எழுத்துச் சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டார். பாடல் இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதினார். அந்தப் புள்ளிகள் இன்றும் நம் பதிப்புகளில் உள்ளன. அவற்றைக் காணும்போது ஏதோ குறைபாடு என்று தோன்றலாம். உண்மையில் மற்ற அடிகளின் நம்பகத்தன்மைக்கு அப்புள்ளிகளே சான்று. இல்லாததை இல்லை என்று சொல்பவர், உண்டு என்று சொல்லும்போது அதனை நாம் ஐயுறாமல் ஏற்கிறோம். ஓரிடத்தில் தம் சொல்லைக் கலந்திருந்தார் என்று தெரியவந்தால், பிற இடங்களின் மேலும் ஐயம் படர்ந்துவிடும்.

காத்திருந்ததற்குப் பயனும் கிடைத்ததுண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை நிரல்படக் கூறுகிறார். உ.வே.சா. முதலில் கண்ட பிரதிகளில் அப்பகுதியில் சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தமிழ்நாட்டுப் பூக்களுள் சிலவற்றின் பெயரை இட்டுச் சந்தம் கெடாமல் அடியை முடிப்பது எவர்க்கும் எளிது. அவரோ மேலும் ஏடு தேடினார். தருமபுர ஆதீனத்திலிருந்து கிடைத்த சுவடியில் விடுபட்ட பகுதி இருந்தது. கபிலர் சொன்ன பூக்களின் பெயர்களையே இன்று நாம் படிக்கிறோம். பதிப்பாசிரியர் அவசரப்பட்டிருந்தால் வேறு பூக்களைப் படித்துக்கொண்டிருப்போம். அவற்றைக் கபிலரின் பூக்கள் என்றும் நம்பியிருப்போம்.

தெரிந்தாரிடம் கேட்டல்

சிந்தாமணி சமணக் காப்பியம். அதிலுள்ள சமயச் சொற்களின் பொருள் உ.வே.சா.வுக்குத் தெளிவாகவில்லை. அகராதியைப் பார்த்து ஏதோ ஒரு பொருளை எழுதிவிட அவர் மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணப் பெருமக்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் என்பவரும் பிறரும், தம் சமயக் கருத்துகளையும் வழக்கங்களையும் அவருக்கு விளக்கினர். கல்லூரி ஆசிரியராகிய அவர், அம்மக்களின் இல்லத்தில் மாணவராக அமர்ந்து பாடங்கேட்டார்.

மணிமேகலையைத் தொட்டபோது இடர்ப்பாடு இன்னும் பெரிதாயிற்று. அது பௌத்த நூல். தமிழகத்தில் பௌத்தம் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. கேட்டறிவதற்கு அச்சமயத்தார் அருகில் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார், பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த நூல்களைப் படித்துப் பொருள்சொல்லி உதவினார். உ.வே.சா. அவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டு மணிமேகலையின் பகுதிகளோடு பொருத்திப் பார்த்தார். பின்னர் அந்நூலுக்குத் தாமே குறிப்புரை எழுதினார். புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுதி, படிப்பவர் மணிமேகலையை உணர்ந்துகொள்ள வழிவகுத்தார்.

தம் சமயத்தைச் சாராத இரு நூல்களுக்காக அவர் இவ்வளவு உழைத்தார் என்பது கருதத்தக்கது. தம் சமயக் கண்கொண்டு அந்நூல்களின் கொள்கைகளை மறுப்பதோ குறைத்துரைப்பதோ பதிப்பாசிரியரின் வேலையன்று என்பதை அவர் அறிந்திருந்தார். நூல் என்ன சொல்கிறதோ அதை அந்நூலின் நிலையில் நின்றே விளக்கினார். எழுதுபவரின் விருப்பு வெறுப்பு, ஆராயப்படும் பொருளின்மேல் நிழலாக விழக்கூடாது என்பது ஆய்வு நடையின் மற்றொரு பண்பாகும்.

கண்டனமும் மறுமொழியும்

சிந்தாமணிப் பதிப்பு அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது. கூடவே கண்டனங்களும் எழுந்தன. பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று கூறும் துண்டு வெளியீடுகளைச் சிலர் அச்சிட்டுப் பரப்பினர். பல்லாண்டு உழைப்பைச் சில பக்கங்களில் இகழ்ந்து பேசியதைக் கண்டு உ.வே.சா. வருந்தினார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் விடையாக ஒரு மறுப்பை விரிவாக எழுதினார். அச்சிடுவதற்கு முன் அதனைத் தாம் மதித்த மூத்த பேராசிரியர் ஒருவரிடம் காட்டினார். அவர் அதைப் பார்த்தபின் கிழித்துவிட்டார். ஒரு மறுப்புக்கு வேறொரு மறுப்பு வரும், அதற்கு மீண்டும் விடை எழுத வேண்டிவரும், அச்சேறக் காத்திருக்கும் நூல்களுக்குரிய காலம் அதிலேயே கழிந்துவிடும் என்பது அப்பெரியவரின் கருத்து. உ.வே.சா. அவ்வறிவுரையை ஏற்றார்.

அன்றுமுதல் கண்டனக்காரர்களோடு சொற்போர் புரிவதை அவர் தம் வழியாகக் கொள்ளவில்லை. ஆயினும் பிழைகளைத் திருத்துவதை அவர் கைவிடவில்லை. புதிய பிரதி கிடைத்தபோதும், பொருத்தமான விளக்கம் தோன்றியபோதும், அடுத்தடுத்த பதிப்புகளில் தம் பாடத்தையும் குறிப்பையும் தாமே மாற்றினார். தம் முடிவு திருத்தத்திற்கு உரியது என்று எண்ணுபவரே மறுபதிப்பில் இவ்வளவு உழைக்க முடியும். பிழை சுட்டியவர்மேல் சினம் கொள்வதற்கும், சுட்டப்பட்ட பிழையைத் திருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

ஒருவர் எழுத்தில் இருவகை நடை

உ.வே.சா.வின் முகவுரைகளைப் படித்தால், நீண்ட வாக்கியங்களும் செறிந்த சொற்களும் எதிர்ப்படும். ஒவ்வொரு கூற்றும் அளந்து சொல்லப்பட்டிருக்கும். வியப்புச் சொல்லோ நகைச்சுவையோ அங்கு மிகுதியாக இராது. தாம் பட்ட துன்பத்தை விரித்துரைக்கும் இடம் அதுவன்று என்று கருதி, நூலையும் பிரதிகளையும் முன்னிறுத்தித் தம்மைப் பின்னிறுத்திக்கொள்வார்.

அதே கைதான் பிற்காலத்தில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றை எழுதியது. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடன் இதழில் அது வாரந்தோறும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அதன் வாக்கியங்கள் சிறியவை. மனிதர்கள் அதில் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், பசியால் வாடுகிறார்கள். சேலம் இராமசாமி முதலியாரின் வினாவால் தாம் திகைத்து நின்றதையும், கண்டனங்களால் மனம் நொந்ததையும் அவர் அதில்தான் மனந்திறந்து எழுதினார். இதழைக் கையிலெடுக்கும் இல்லத்தரசியும் கடைக்காரரும் மாணவரும் தடையின்றிப் படிக்கத்தக்க நடை அது.

இவ்விரண்டனுள் எது சிறந்த நடை என்று கேட்பது பொருந்தாது. முகவுரையைப் படிப்பவர், நூலை ஆராய விரும்புபவர். அவருக்கு வேண்டியது சான்றும் வரையறையும். தன்வரலாற்றைப் படிப்பவர், ஒரு மனிதரின் வாழ்வை அறிய விரும்புபவர். அவருக்கு வேண்டியது அனுபவமும் உணர்வும். யாருக்காக, எதற்காக எழுதுகிறோம் என்பதே நடையைத் தீர்மானிக்கிறது. கடினமான சொற்களை அடுக்கினால் அது ஆய்வு நடையாகிவிடாது. எளிய சொற்களால் எழுதினால் ஆய்வின் தரம் தாழ்ந்துவிடாது.

நடை வேறுபட்டாலும் இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு. தன்வரலாற்றிலும் அவர் ஊரையும் ஆளையும் நாளையும் இயன்றவரை குறித்தே செல்கிறார். 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றில், தம் உயிரனைய ஆசிரியரின் புலமைச் சிறப்போடு அவர் பட்ட வறுமையையும் மறைக்காமல் எழுதினார். ஆசிரியர்மேல் கொண்ட பேரன்பு, உண்மையை மறைக்கும் திரையாக அவருக்கு அமையவில்லை.

நிறைவு

1903ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்ட உ.வே.சா., 1919 வரை அங்குப் பணியாற்றினார். 1906ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932ஆம் ஆண்டில் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு, தம்மைக் கல்லூரிப் பணியில் அமர்த்திய தியாகராச செட்டியாரை நினைந்து தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். எண்பத்திரண்டாம் வயதில், 1937ஆம் ஆண்டில், குறுந்தொகையைத் தம் உரையோடும் விரிவான ஆராய்ச்சியோடும் வெளியிட்டார். எட்டுத்தொகையுள் அவர் பதிப்பித்த ஐந்தாவது நூல் அது.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னையை விட்டு மக்கள் வெளியேறிய காலத்தில் அவரும் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கு மறைந்தார். என் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தோடு அது நின்றுவிட்டது. பெருங்கதையைப் போல அவருடைய கதைக்கும் இறுதிப்பகுதி இல்லை. பின்வந்தோர் அவர் எழுதியதை எழுதியவாறே நூலாக வெளியிட்டனர். ஏட்டில் இல்லாததை இட்டு நிரப்பாத ஒருவருக்கு அதனினும் பொருத்தமான மரியாதை வேறில்லை.

பள்ளியில் எழுதும் ஒப்படைவும் செயல்திட்ட அறிக்கையும் சிறியனவே. எனினும் அவற்றிலும் ஏடு உண்டு. விடுபட்ட இடமும் உண்டு. பிறர் எழுதியதைத் தமது போலக் காட்டுவதா, கிடைக்காத செய்தியைக் கற்பனையால் நிரப்புவதா, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பதா என்னும் வினா ஒவ்வொரு பக்கத்திலும் எழுகிறது. அவ்வினாவுக்கு நாம் தரும் விடையே நம் எழுத்தின் தரத்தை முடிவு செய்கிறது. ஒரு புள்ளியை இடவேண்டிய இடத்தில் புள்ளியை இடுவதற்கும் புலமை வேண்டும், துணிவும் வேண்டும்.

தெரியுமா?

உ.வே.சா. திரட்டிய ஏட்டுச்சுவடிகளையும் நூல்களையும் காப்பதற்காக 1943ஆம் ஆண்டில் அவர் பெயரால் நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. சென்னை பெசன்ட் நகரில் அது இன்றும் செயல்பட்டு வருகிறது. இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றை எடுத்து, அதன் உறுப்புகளைப் பட்டியலிடுக. ஒவ்வோர் உறுப்பும் படிப்பவர்க்கு எவ்வாறு உதவுகிறது என்பதை ஓரிரு தொடர்களில் எழுதுக.

2. உங்கள் ஊரின் பெயர்க்காரணம் பற்றிப் பெரியோர் மூவரிடம் கேட்டறிக. அவர்கள் கூறியவை வேறுபட்டால், எதையும் விடாமல், யார் எதைக் கூறினார் என்பதைக் குறிப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. நீங்கள் கலந்துகொண்ட பள்ளி விழா ஒன்றைத் தலைமையாசிரியருக்கு அளிக்கும் அறிக்கையாகவும், நண்பருக்கு எழுதும் கடிதமாகவும் எழுதி, இரண்டின் நடை வேறுபாடுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.